கிலோமீட்டரை நம்பாதீர்கள்: மலையிலும் காட்டிலும் ஆற்றோரமும் முதன்முறை சைக்கிளில் புறப்படுகிறவர்களுக்கு

மலைப்பாதையில் சைக்கிள் ஓட்ட ஆசைப்படுகிறவர்கள் எல்லோரும் இரண்டு கேள்விகளோடுதான் வருகிறார்கள். எந்த சைக்கிள் வாங்குவது? எத்தனை கிலோமீட்டர் போவது? முதல் கேள்விக்கு அவசரமே இல்லை. இரண்டாவது கேள்வி, கேள்வியே தப்பு. சமவெளியில் 30 கி.மீ. போக எவ்வளவு நேரமாகும் என்று யாரும் சொல்லிவிடலாம். மலையில் அதே 30 கி.மீ. ஒரு காலைப் பொழுதில் முடிந்தாலும் முடியும். இருட்டிய பிறகு சைக்கிளைத் தோளில் சுமந்துகொண்டு வழி தேடவும் வைக்கும். எத்தனை மீட்டர் ஏற வேண்டும், முடியாமல் போனால் எங்கே வெளியேறலாம் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஓர் ஆறு. வரைபடத்தில் அந்த ஆற்றை ஒட்டியே ஒரு தடம் போனது. மொத்தம் 28 கி.மீ. ஆறு இறங்கித்தானே போகும், நாமும் கூடவே இறங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டு, இரண்டு மணி நேரம் போதும் என்று பிற்பகல் மூன்று மணிக்குக் கிளம்பினேன். பள்ளத்தாக்கின் சரிவிலிருந்து ஓடைகள் இறங்கி ஆற்றில் கலக்கும் என்பது புத்தியில் படவே இல்லை. தடம் ஒவ்வொரு ஓடைக்கும் இறங்கியது, கடந்தது, மறுகரையில் மூச்சு வாங்க ஏறியது. பதினோரு ஓடைகள். ஒவ்வொன்றிலும் நாற்பது, ஐம்பது மீட்டர் ஏற்றம். கூட்டிப் பார்த்தால் கிட்டத்தட்ட 500 மீட்டர். இத்தனைக்கும் போய்ச் சேர்ந்த இடம் புறப்பட்ட இடத்தைவிடத் தாழ்வானது. கடைசி மூன்று ஓடைகளை கைபேசி வெளிச்சத்தில் கடந்தேன்.

வரைபடத்தோடு ஒரு மாலை

பள்ளிக்கூடத்தில் படித்து மறந்த சம உயரக் கோடுகளைத் தூசி தட்டி எடுங்கள். 1:50,000 அளவு வரைபடத்தில் 2 செ.மீ. என்பது தரையில் 1 கி.மீ. கோட்டுக்குக் கோடு 20 மீட்டர் உயர இடைவெளி என்று வைத்துக்கொள்வோம் (இடைவெளி நாட்டுக்கு நாடு மாறும், வரைபடத்தின் ஓரத்தில் அச்சிட்டிருப்பார்கள்). நீங்கள் போகும் தடம் அந்த 2 செ.மீ.க்குள் மூன்று கோடுகளைத் தாண்டினால் 60 மீட்டர் ஏற்றம், அதாவது 6 சதவீதச் சரிவு. பேசிக்கொண்டே ஏறலாம். ஐந்து கோடுகள் என்றால் 10 சதவீதம். இருப்பதிலேயே இளகிய கியரில் போட்டுக்கொண்டு பேச்சை நிறுத்துவீர்கள். எட்டுக் கோடுகள் என்றால் 16 சதவீதம். புதியவர் இறங்கித் தள்ள வேண்டிய இடம் அது. தள்ளுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆனால் தள்ளுவதற்கான நேரத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கோடுகள் ஓரிடத்தில் அம்பு முனைபோல் வளைந்திருக்கும். முனை உயரமான பக்கத்தைக் காட்டினால் அங்கே ஓடை இறங்குகிறது. தாழ்ந்த பக்கத்தைக் காட்டினால் அது மலையிலிருந்து நீளும் முதுகு. என் பதினோரு ஓடைகளும் வரைபடத்தில் பதினோரு அம்பு முனைகளாக அப்படியே இருந்தன. நான்தான் பார்க்கவில்லை.

இனி நேரம். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் நடைப்பயணிகளுக்கு ஒரு கணக்குச் சொன்னார்: மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு 2,000 அடி ஏற்றத்துக்கும் மேலும் ஒரு மணி நேரம். அதே பாணியில் புதிய சைக்கிள்காரர்களுக்கு நான் சொல்லும் கணக்கு இது. மண் தடத்தில் 10 கி.மீ.க்கு ஒரு மணி நேரம். ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாகப் பதினைந்து நிமிடம். இதன்படி அந்த 28 கி.மீ.க்கு 2 மணி 48 நிமிடம், 500 மீட்டருக்கு 1 மணி 15 நிமிடம். ஆக, நான்கு மணி நேரத்துக்குச் சற்றே மேல். பஞ்சர், ஓய்வு, வழி தவறுவது எல்லாம் தனி. நான் ஒதுக்கியது இரண்டு மணி நேரம்!

முதல் பயணத்துக்கு 15 கி.மீ., 300 மீட்டர் ஏற்றம், இதற்கு மேல் வேண்டாம். வடிவம் எட்டுபோல இருந்தால் மிக நல்லது. நடுவில் புறப்பட்ட இடம், இரு பக்கமும் இரண்டு சிறு சுற்றுகள். ஒரு சுற்றை முடித்து வந்து, கால் எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு அடுத்ததைத் தொடங்கலாம். ஏற்றத்தை அகலமான வண்டித்தடத்தில் முடித்து, இறக்கத்துக்கு ஒற்றையடிப் பாதையை வைத்துக்கொள்ளுங்கள். மாற்றிச் செய்தால் இரண்டுமே கசக்கும். ஆற்றுப் பள்ளத்தாக்கில் போன வழியே திரும்புவதானால், முதலில் நீரோட்டத்துக்கு எதிராகப் போங்கள். களைத்த பிறகு கிடைக்கும் பாதி, மொத்தத்தில் இறக்கமாக இருக்கும்.

பிறகு ஒரு சிவப்புப் பென்சிலால் தடம் தார்ச்சாலையைத் தொடும் இடங்களையும் பாலங்களையும் வட்டமிடுங்கள். பள்ளத்தாக்கில் பாலம்தான் கதவு. இரண்டு பாலங்களுக்கு நடுவே 12 கி.மீ. இருந்தால், அந்த 12 கி.மீ.க்குள் நுழையும் முன் ஒரு முறை கடிகாரத்தைப் பார்க்க வேண்டும் என்று பொருள்.

சைக்கிளுக்கு அனுமதி உண்டா என்பதையும் அன்றே பாருங்கள். இந்தச் சட்டங்கள் இடத்துக்கு இடம் தலைகீழாக மாறும். இங்கிலாந்தில் நடைபாதை என்று குறித்த வழியில் சைக்கிளுக்கு உரிமை இல்லை. குதிரைப் பாதைகளில் 1968-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உண்டு. ஸ்காட்லாந்தில் 2003-ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம் பொறுப்போடு நடந்துகொள்கிறவர்களுக்குப் பெரும்பாலான திறந்த நிலத்தையே திறந்துவிட்டிருக்கிறது. அமெரிக்காவில் கூட்டரசு வனாந்தரப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டவற்றில் சைக்கிளுக்கு முழுத் தடை. காப்புக்காடு என்றால் எங்கேயுமே முன்னனுமதி பற்றி விசாரிக்காமல் நுழையாதீர்கள்.

பிறர் ஓட்டிப் பதிவுசெய்த ஜிபிஎஸ் தடங்கள் இணையத்தில் கொட்டிக்கிடக்கின்றன. உதவும்தான். ஆனால் அவர் எந்த மாதத்தில் போனார், எந்தத் திசையில் சுற்றினார் என்று பார்த்துவிட்டு நம்புங்கள். கோடையில் கணுக்கால் நனைந்த ஓடை மழைக்காலத்தில் இடுப்பளவு ஓடும். வரைபடத்தை முன்பே கைபேசியில் இறக்கிவைத்தால் சிக்னல் இல்லாத இடத்திலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். ஆழமான பள்ளத்தாக்கிலும் அடர்ந்த மரங்களின் அடியிலும் புள்ளி கொஞ்சம் தடுமாறும். அப்போது அடுத்த கிளைப்பாதை வரும்வரை பதறாமல் போய்க்கொண்டிருக்கலாம்.

நிறங்கள் சொல்வது

தடம் எவ்வளவு கடினம் என்று குறிக்க வட அமெரிக்காவில் பச்சை வட்டம், நீலச் சதுரம், கறுப்பு வைரம், இரட்டைக் கறுப்பு வைரம் என்று கடினம் ஏறிக்கொண்டே போகும். பிரிட்டனில் பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு. ஜெர்மன் மொழி பேசும் நாடுகளில் எஸ்0 முதல் எஸ்5 வரை ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். அதில் எஸ்0 என்றால் கல்லும் வேரும் தொல்லை தராத தடம். எஸ்1-இல் சிறு வேர்களும் கற்களும் வரும். எஸ்2-இல் படிகள் வரத் தொடங்கும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்தில் தடங்களுக்கு இடும் எண்ணும் ஏறக்குறைய இதே அடிப்படைதான். புதிய இடத்துக்குப் போகும்போது உங்களுக்குப் பழகிய நிறத்துக்கு ஒரு படி கீழே தொடங்குங்கள். ஓர் ஊரின் நீலம் இன்னோர் ஊரின் சிவப்பு.

வண்டித்தடத்தை மட்டமாக நினைப்பவர்களும் உண்டு. வட அமெரிக்காவின் முதுகெலும்புபோல ராக்கி மலைகளை ஒட்டி 4,000 கி.மீ.க்கும் மேல் நீளும் கிரேட் டிவைட் வழியில் பெரும்பகுதி மண் சாலையும் சரளைச் சாலையும்தான். அதை முடித்தவர்களிடம் போய் அது சுலபம் என்று சொல்லிப் பாருங்கள்.

சைக்கிளும் பையும்

இருக்கிற சைக்கிளில் தொடங்கலாம். அகலமான டயர், நம்பகமான பிரேக், ஏற்றத்துக்கு ஏற்ற இளகிய கியர், இந்த மூன்றும் இருந்தால் போதும். சக்கரம் 27.5 அங்குலமா 29 அங்குலமா என்ற பட்டிமன்றத்தை அடுத்த ஆண்டுக்கு ஒத்திவையுங்கள்.

டயர் காற்றைப் பற்றி மட்டும் பிடிவாதமாக இருப்பேன். கல்போல் அடித்த டயர் கல்லில் துள்ளும், வேரில் வழுக்கும். டியூப் உள்ள மலைச் சைக்கிள் டயருக்கு, சராசரி எடை உள்ளவருக்கு, 30 பிஎஸ்ஐ (பம்பில் காட்டும் காற்றழுத்த அளவு) அளவில் தொடங்குங்கள். டியூப் இல்லாத டயராக இருந்தால் 25-ஐ ஒட்டி. மிகவும் குறைத்துவிட்டால் டியூப் கல்லுக்கும் விளிம்புக்கும் இடையே நசுங்கி, பாம்பு கடித்ததுபோல இரண்டு ஓட்டைகள் அருகருகே விழும். ஓட்டை அப்படி இரட்டையாக இருந்தால் முள்ளைத் தேட வேண்டாம், காற்றுதான் குறைவு.

ஓட்டை ஒன்றாக இருந்தால் முள் இன்னும் டயரில்தான் இருக்கிறது. புதியவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். டியூபை மாற்றி, காற்றடித்து, இருநூறு மீட்டர் போவதற்குள் மறுபடி தட்டையாகும். டியூபைக் கழற்றியதும் ஒரு துணியை விரலில் சுற்றிக்கொண்டு டயரின் உட்புறம் முழுவதும் மெல்லத் தடவுங்கள். துணி எங்கோ ஓரிடத்தில் இழுபடும். அங்கே டயரை வெளிப்புறமாக மடக்கிப் பார்த்தால் அரை மில்லிமீட்டர் நுனி தெரியும். உள்ளேயிருந்து வெளியே தள்ளி எடுங்கள். வெறும் விரலால் தடவினாலும் கண்டுபிடிக்கலாம், ரத்தம் வரும்.

பையில் இருக்க வேண்டியவை: இரண்டு டியூப், ஒட்டும் பொருள்கள், டயர் நெம்பி, பம்ப், ஆறுகோணச் சாவிக் கொத்து, செயின் அறுந்தால் இணைக்கும் கண்ணி. பின் கியரைத் தாங்கும் ஹேங்கர் என்ற சிறு அலுமினியத் துண்டு உங்கள் சைக்கிள் மாடலுக்கென்றே ஒன்று இருக்கும், அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். சைக்கிள் வலப்பக்கம் விழுந்தால் முதலில் வளைவது அதுதான். அடுத்தவருடையது பொருந்தாது. தண்ணீர், உணவு, மழைச் சட்டை, தலைவிளக்கு, முதலுதவி, விசில். மலைகளில் ஆபத்துச் செய்தி என்றால் நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி ஒரு நிமிடம் நிறுத்துவது. மூன்று முறை ஊதல் கேட்டால் யாரோ பதில் சொல்கிறார்கள். பல நாடுகளில் 112 அவசர எண்ணாக வேலை செய்யும். எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்பாவிட்டால் தேட வேண்டும் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். ஹெல்மெட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஏற்றம், இறக்கம்

ஏற்றத்துக்கு ஒரே ஒரு இரகசியம்தான்: கியரைச் சரிவு தொடங்கும் முன் மாற்றுங்கள். கால் முழு பலத்தோடு அழுத்தும்போது மாற்றினால் செயின் கரகரவென்று கதறும், சில நேரம் அறுந்தும் போகும். சீட்டிலேயே உட்கார்ந்து, மார்பைத் தாழ்த்தி, முழங்கையைக் கீழ்நோக்கி மடக்குங்கள். எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரத்தின் மேல் பாரம் குறைந்து, மண்ணில் வெறுமனே சுழலும். தள்ள நேர்ந்தால் இடப்பக்கம் நின்று தள்ளுங்கள். செயின் வலப்பக்கம் இருப்பதால் கெண்டைக்கால் தப்பிக்கும்.

இறக்கம் வேறு கதை. இந்த விளையாட்டே இறக்கத்தில்தான் பிறந்தது. 1970-களில் கலிபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் கவுண்டியில், சில இளைஞர்கள் தடித்த டயர் போட்ட பழைய சைக்கிள்களை மலைக்குத் தூக்கிக்கொண்டு போய் இறக்கத்தில் விட்டார்கள். அவர்கள் 1976-இல் தொடங்கிய பந்தயத்தின் பெயர் ரீபேக். மூன்று கிலோமீட்டர் சொச்சத்தில் சுமார் 400 மீட்டர் இறக்கம். பின்சக்கர மையத்துக்குள் இருந்த பிரேக் அந்த ஓட்டத்தில் சூடேறி, உள்ளிருந்த கிரீஸ் புகையாகப் போய்விடும். ஒவ்வொரு முறையும் பிரித்து மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததால்தான் அந்தப் பெயர். அங்கே ஓடியவர்களில் ஒருவரான ஜோ பிரீஸ் அடுத்த ஆண்டே இதற்கென்று தனியாக ஒரு சட்டகம் செய்தார். இருபதாண்டுக்குள், 1996 அட்லாண்டாவில், மலைச் சைக்கிள் ஓட்டம் ஒலிம்பிக் போட்டியாகிவிட்டது.

இன்றைய டிஸ்க் பிரேக்கும் சூடாகும். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மெல்லப் பிடித்தபடியே வருவதுதான் அதைக் கெடுக்கும் வழி. பிடித்து, விட்டு, பிடித்து, விட்டு வாருங்கள். நிற்கும்போது டிஸ்க்கைத் தொட்டுப் பார்க்க வேண்டாம். பலர் ஒரு முறை தொட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

உடம்பை எப்படி வைத்துக்கொள்வது? சீட்டைத் தாழ்த்துங்கள். இரண்டு பெடலும் தரைக்கு இணையாக, ஒரே மட்டத்தில். எழுந்து நிற்க வேண்டும், ஆனால் முழங்கால் மடங்கியிருக்க வேண்டும். குதிகால் சற்றுக் கீழே. பாரம் முழுவதும் பாதத்தில். கைகள் ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கின்றன, சுமக்கவில்லை. இடுப்பு சற்றே பின்னால். பிரேக்கில் ஒரு விரல், மற்ற விரல்கள் பிடியில். இப்படி நின்றால் சைக்கிள் உங்களுக்குக் கீழே தன் பாட்டுக்குக் குதிக்கும், நீங்கள் குதிக்க மாட்டீர்கள்.

பார்வை முன்சக்கரத்தில் இருக்கவே கூடாது. எந்தக் கல்லை உற்றுப் பார்க்கிறீர்களோ அந்தக் கல்லில்தான் போய் ஏறுவீர்கள். கொண்டை ஊசி வளைவில், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து முடித்துவிட்டு, வெளியேறும் இடத்தைக் கழுத்தைத் திருப்பிப் பாருங்கள். தோள் திரும்பும், சைக்கிளும் திரும்பும். முன்பிரேக்கைக் கண்டு பயப்படுகிறார்கள் பலர். நிறுத்தும் பலம் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது. திடீரென்று இறுக்காமல் படிப்படியாக அழுத்தப் பழகுங்கள், ஒரு புல்வெளியில் இருபது முறை. பின்சக்கரத்தைப் பூட்டி இழுத்துக்கொண்டு வருவது தடத்தையும் கெடுக்கும்.

தடம் கெடுவதைப் பற்றி ஒரு வார்த்தை. நன்றாகப் போட்ட மலைத் தடம் நேராக இறங்காது, சரிவைச் சாய்வாக வெட்டிக்கொண்டு போகும். பாதையின் சரிவு மலைச்சரிவில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது தடம் அமைப்பவர்களின் விதி. தாண்டினால் மழைநீர் பாதையையே வாய்க்காலாக்கிவிடும். ஆகவே நேராக இறங்கும் குறுக்குவழி கண்ணில் பட்டால் அதில் போகாதீர்கள். அது ஏற்கெனவே பாதி வாய்க்கால்.

காட்டுக்குள், தண்ணீருக்குள்

காட்டில் முதல் எதிரி வெளிச்சம். வெயிலிலிருந்து மர நிழலுக்குள் பாய்ந்த சில நொடிகளுக்குக் கண் எதையும் சரியாகப் பார்க்காது. அந்த நொடிகளில்தான் வேர் வரும். நுழையும் முன் வேகத்தைக் குறையுங்கள். ஈரவேர் சோப்புக்கட்டிதான். அதைச் செங்குத்தாகக் கடக்க வேண்டும், அதன்மேல் இருக்கும்போது பிரேக்கையும் தொடக் கூடாது, திருப்பவும் கூடாது. சருகுக் குவியல் என்றால் அடியில் பள்ளம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பாறையோ நேர்மாறு: காய்ந்த மணற்பாறையில் ரப்பர் டயர் பசைபோலப் பிடிக்கும். அமெரிக்காவின் மோவாப் ஊரில் உள்ள புகழ்பெற்ற பாறைத் தடத்துக்கு வழுக்குப்பாறை என்று பொருள்படும் பெயர் வந்தது குதிரைகளின் இரும்பு லாடத்தால்.

விலங்குகள் நடமாடும் காட்டில் விடியலிலும் அந்தியிலும் ஓட்டாதீர்கள். சைக்கிள் சத்தமில்லாமல் வருவதுதான் ஆபத்து. மறைவான வளைவுகளில் மணியடியுங்கள், குரல் கொடுங்கள்.

ஆற்றையோ ஓடையையோ கடக்க வேண்டியிருந்தால், குறுகலாகவும் அமைதியாகவும் இருக்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கத்தான் மனம் சொல்லும். அது ஆழமான இடம். அகலமாகப் பரந்து, சிற்றலை அடித்துச் சலசலக்கும் இடத்தில்தான் தண்ணீர் மட்டம் குறைவு. இறங்கி நடங்கள். சைக்கிளை நீரோட்டம் போகும் பக்கத்தில் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் தண்ணீர் சைக்கிளைத் தள்ள, சைக்கிள் உங்களைத் தள்ளும். ஓடும் நீர் முழங்காலைத் தொட்டால் திரும்பிவிடுங்கள். தலைக்கு மேல் வெயில் அடித்தாலும், மேலே மலையில் மழை பெய்தால் இங்கே ஆறு ஏறும். தண்ணீர் கலங்கி, சருகும் குச்சியும் மிதந்து வரத் தொடங்கினால் அதுதான் அறிவிப்பு. பனி உருகி வரும் ஆறுகள் காலையில் வற்றியும் பிற்பகலில் பெருகியும் ஓடும், ஆகையால் அவற்றைக் காலையிலேயே கடந்துவிட வேண்டும்.

எதிரே ஆள் வந்தால்

நடப்பவர்களுக்கும் குதிரைகளுக்கும் வழிவிடுவது நீங்கள். ஏறி வருபவருக்கு வழிவிடுவது இறங்கி வருபவர். ஏற்றத்தில் ஒரு முறை நின்றுவிட்டால் மறுபடி கிளம்புவது எத்தனை கஷ்டம் என்று முதல் நாளே தெரிந்துவிடும். குதிரை வந்தால் இறங்கி, பாதையின் பள்ளத்துப் பக்கம் நின்று, சும்மா இரண்டு வார்த்தை பேசுங்கள். ஹெல்மெட்டும் சக்கரமுமாக நிற்பது மனிதன்தான் என்று குதிரைக்குக் குரலைக் கேட்டால்தான் புரியும். வேலிக் கதவு திறந்திருந்தால் திறந்தபடியும், மூடியிருந்தால் மூடியும் விட்டுச் செல்லுங்கள். மழை பெய்து தடம் சேறாக இருந்தால் அன்று மண் தடம் வேண்டாம், சரளைச் சாலை போதும்.

திரும்பி வந்ததும்

சேற்றைக் கழுவுங்கள், ஆனால் பீச்சும் தண்ணீரைச் சக்கர மையத்தில் அடிக்காதீர்கள். செயினைத் துடைத்து எண்ணெய் விடும்போது டிஸ்க்கின் மேல் ஒரு துளிகூடப் படக் கூடாது.

அன்றைக்கே, களைப்போடு களைப்பாக, வரைபடத்தின் ஓரத்தில் இரண்டு எண்கள் எழுதுங்கள்: கணக்குப் போட்ட நேரம், ஆன நேரம். நான்கைந்து பயணத்துக்குப் பிறகு, 100 மீட்டர் ஏற்றத்துக்குப் பதினைந்து நிமிடம் என்ற என் கணக்கு உங்களுக்குப் பன்னிரண்டா இருபதா என்று தெரிந்துவிடும். அந்தப் பழைய ஆற்று வரைபடம் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஓரத்தில் 2 என்று எழுதியிருக்கிறது, பக்கத்தில் 5¼. கீழே பென்சிலால் பதினோரு சின்னக் கோடுகள்.